முன்கால் கழற்றிய ராக்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன வந்து இறங்குகிறது என்று நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. என் சமையலறை ஜன்னல் பக்கத்தில் இருக்கிற காங்கஸ் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை. பாத்திரம் கழுவுகிறபோது கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்?

அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், பனி முழுசாக உருகாத ஒரு மார்ச் காலையில், நார்ம் திபடோவின் லாரி பின்புறமாக வந்து நின்றதைப் பார்த்தேன். அவனும் ஆர்விட் காங்கஸும் ஆளைவிட உயரமான ஒரு இரும்புச் சட்டத்தைப் போர்வை சுற்றி இறக்கினார்கள். வெர்மாண்டில் மூடிப்போன ஏதோ கல்லூரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பழைய மினிகம்ப்யூட்டர். மினி என்றால் நம்பிவிடாதீர்கள். கட்டடம் கட்டடமாக இருந்த கம்ப்யூட்டரை ஒரு பீரோ அளவுக்குக் குறைத்ததற்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது.

அதைச் செய்ததே பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில்தான். ஆற்றங்கரையில் கம்பளி நெய்த மில்லைக் கம்பெனி வாடகைக்கு எடுத்து, தறி நின்ற இடத்தில் கம்ப்யூட்டர் செய்தது. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் வேலை. ஆர்விட் பழுதுபார்க்கிற பிரிவு, நார்ம் சோதனைப் பிரிவு, நான் டெலிபோன் போர்டு. யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதில் சிலருக்கு இன்றைக்கும் உறுத்தல் உண்டு. போன வருஷம் கம்பெனியே கைமாறி, எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் எங்கெங்கோ தூக்கிப் போட்ட கம்பெனி மெஷின்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"உன் பக்கம் கொஞ்சம் தூக்குடா!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு மேல தூக்கினா குடல் இறங்கிடும்."

"அது போன தடவையே இறங்கிடுச்சுன்னு சொன்னே?"

ஆர்விட்டின் மனைவி க்ளோடெட் பின்வாசற்படியில் கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். "இது ஃப்ரிட்ஜா, சவப்பெட்டியா? சவப்பெட்டின்னா சொல்லுங்க, ரெண்டு பேரும் தாராளமாப் படுக்கலாம் போலிருக்கு."

தோட்டத்துப் பக்கம் தரையோடு சாய்வாக ஒரு இரும்புக் கதவு, அதைத் திறந்தால் நிலவறைக்குப் படிகள். அந்தப் படியில் ராக் இறங்க மறுத்தது. ராக் என்பது அந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். இடித்தது அதன் முன்கால். ராக்கில் ஒவ்வொரு பெட்டியும் மேஜை இழுப்பறை மாதிரி முன்னால் இழுபடும். கனமான பெட்டியை இழுத்தால் ராக் தலைகுப்புற விழாமலிருக்க, அடியில் ஒரு இரும்புக் காலை முதலில் வெளியே இழுத்து ஊன்ற வேண்டும். மில்லில் இதைத் தெரியாத ஆள் கிடையாது. சோதனைப் பிரிவில் அதற்கென்று சுவரில் படமே மாட்டியிருந்தார்கள்.

"கழட்டிடுவோம்" என்றான் நார்ம். "கீழ போனதும் மாட்டிக்கலாம்."

கழற்றினான். ராக் இறங்கியது. முன்கால் க்ளோடெட்டின் துணி துவைக்கிற மெஷின் ஆடாமலிருக்க முட்டுக் கொடுக்கப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் அந்த நிலவறை ஜன்னல் வழியாக வந்த சண்டையைக் கேட்டே நான் பாதி எஞ்சினியர் ஆகிவிட்டேன். சர்க்யூட் பலகைகளைச் செருகுகிற இடம் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்குமாம், ஆனால் சில இடத்தில் வேறு வோல்டேஜ் ஓடுமாம். இடம் மாற்றிச் செருகினால் பலகை வெந்துபோகும். நடுவில் ஒரு இடம் காலியாக விட்டால் சேதி அதோடு நின்றுவிடும், அதைக் கடத்திவிட ஒரு குட்டி அட்டையைச் செருகி வைக்க வேண்டும். எந்த இடத்தில் குட்டி அட்டை, எதில் கம்பியை வெட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள்.

"முப்பது வருஷம் சோதனைப் பிரிவுல இருந்தவன் சொல்றேன், கேளுடா."

"நீ பாஸ் பண்ணி அனுப்பினதையெல்லாம் ரிப்பேர் பண்ணினவன் சொல்றேன், நீ கேளுடா."

ஏப்ரலில் நார்ம் தன் சொந்த டிஸ்க் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, திருகு திருகாகக் கழற்றித் துடைத்து, ஓட வைத்தது. ஒரு ஆள் ஒண்டியாகத் தூக்க முடியாத கனம். அதைக் காரின் முன் சீட்டில் ரஜாய் சுற்றி, பெல்ட் போட்டுக் கொண்டுவந்தான். அவன் மனைவி ஐரீன் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். நான் சிரித்தேன். ஐரீன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை க்ளோடெட் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நார்ம் வருவதாகப் பேச்சு. நான் ஜன்னலைத் திறந்து வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழே ஆர்விட்டின் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஏதோ இடித்த மாதிரி ஒரு சத்தம். இடிக்காத நாளே கிடையாது, அதனால் நான் கவலைப்படவில்லை. அப்புறம் எங்கள் பாஸ்டன்காரர்கள் எதிரிக்கு ஒரு ஓட்டத்தைத் தாரை வார்த்தார்கள். ரேடியோக்காரனே தலையில் அடித்துக்கொண்டான். ஆர்விட் திட்டவில்லை.

இதைக் கேட்டால் உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்குக் கை நின்றுவிட்டது. அந்த மனுஷன் சர்ச்சில் ஸ்கோர் கேட்டே திட்டுகிறவன். இன்னும் ஒரு ஓட்டம் போயிற்று. அப்போதும் சத்தமில்லை.

க்ளோடெட்டின் பீன்ஸ் பானை ஒன்று என்னிடம் இருந்தது. கையில் ஒரு சாக்கு இருக்கட்டுமே என்று அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆர்விட்?"

"யாரு?"

குரல் அவனுடையது மாதிரியே இல்லை. யாரோ அவன் தொண்டைமேல் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

"ரோசலி. பானையைக் கொடுக்கலாம்னு..."

"உள்ள வராதே. இல்ல, வா. மெதுவா வா. எதையும் தொடாதே."

இறங்கினேன். பனி உருகின தண்ணீர் சுவரோரம் கசிந்து தரை பளபளவென்று கிடந்தது. ராக் குடிகாரன் மாதிரி முன்பக்கம் சாய்ந்து நின்றது. நார்மின் டிரைவ் அதிலிருந்து முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராக்கின் முன்மூலையில், தோளை அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆர்விட் நின்றான். அவனுடைய இடது பாதம் ராக்கின் அடி விளிம்புக்குக் கீழே இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் வெந்நீர் அடுப்புக்கான எண்ணெய்த் தொட்டி. மூஞ்சி வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கேக்குறதுக்கு இதுவா நேரம்? மேஜைமேல சிவப்பு விளக்கு எரியுதா பாரு. என்னால திரும்ப முடியல."

பார்த்தேன். ராக்கின் அடியில் இருக்க வேண்டிய பவர் சப்ளையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். வருஷக்கணக்கில் தூங்கினதற்கு ஒரேயடியாகக் கரெண்டைக் கொடுத்தால் வெடித்துவிடும் என்று நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் அறுந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

"எரியுது."

"பக்கத்துல ஒரு கறுப்புத் திருகு. அதை இடது பக்கமா, நிக்கிற வரைக்கும் திருகு. அப்புறம் பிளக்கைப் புடுங்கு. தகர டப்பா மாதிரி வரிசையா நிக்குது பாரு, அதுகிட்ட மட்டும் கை கொண்டு போயிடாதே. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள இருக்கும்."

"என்ன இருக்கும்?"

"கரெண்ட், ரோசலி! பேயா இருக்கும்?"

திருகினேன். பிடுங்கினேன். விளக்கு மெதுவாக மங்கி அணைகிற வரைக்கும் பிளக்கைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

டிரைவுக்கு எத்தனையாவது நம்பர் என்று பின்னால் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதாம். ராக்கோடு வந்த பழைய டிரைவும் நார்மின் டிரைவும் ஒரே நம்பரில் இருந்தால் மெஷின் குழம்புமாம். அதைத் திருப்புவதற்காக ஆர்விட் டிரைவை முழுசாக வெளியே இழுத்திருக்கிறான். அடியில் கனம் கொடுக்கிற பவர் சப்ளை மேஜைமேல். முன்கால் துணி மெஷினுக்கு அடியில். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலையைத் தன் வீட்டில் மறந்துபோனான். ராக் சாய்ந்தது, இவன் பாய்ந்து பிடித்தான், விளிம்பு பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நானும் சேர்ந்து தள்ளுறேன்."

தள்ளினேன். என் செருப்பு ஈரத் தரையில் வழுக்கியது. ராக் ஒரு நூல் பின்னால் போய், இரண்டு நூல் முன்னால் வந்தது. ஆர்விட் முனகினான். அந்த முனகலை நான் இப்போதும் சில நேரம் கேட்கிறேன்.

"வேணாம், வேணாம். விடு."

டிரைவை உள்ளே தள்ளிப் பார்த்தேன். தண்டவாளம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது, அத்தனை கனத்தையும் மேட்டில் ஏற்ற வேண்டும். அசையவில்லை. அதுவும் அந்த எடை முழுவதும் நீட்டிக்கொண்டு ராக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது.

"இது இல்லேன்னா ராக் தானா நிமிந்துடும், இல்லியா?" என்று கேட்டேன்.

அவன் கண் டிரைவின் பக்கவாட்டுக்குப் போய் வந்தது.

"ஆர்விட், இதைக் கழட்ட வழி இல்லியா?"

"இருக்கு" என்றான் கடைசியில். "ரெண்டு பக்கமும் ஒரு கொக்கி. ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கினா தண்டவாளத்தை விட்டு வழுக்கி விழுந்துடும்."

"அப்போ அமுக்கு!"

"விழுந்துடும்னு சொன்னேன்ல? உள்ள தட்டைப் படிக்கிற தலை கண்ணாடி மாதிரி. தூள் தூளாயிடும்."

"நீ தூள் தூளானா பரவாயில்லியா?"

"அது நார்மோடது, ரோசலி."

கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. படியைப் பார்த்தேன். போன் மேலே சமையலறைச் சுவரில். தீயணைப்பு நிலையம் மில் குளத்துக்கு அந்தப் பக்கம், போன் பண்ணினால் வந்துவிடுவார்கள். "நான் மேல போய் ஆளைக் கூப்பிடறேன். நீ புடிச்சுக்கோ" என்று திரும்பினேன்.

"போகாதே."

அதைச் சொன்னது ஐம்பத்தெட்டு வயசு ஆள் இல்லை, சின்னப் பையன். நான் திரும்பிப் பார்த்தேன்.  கை, தோள் எல்லாம் தையல் மெஷின் ஊசி மாதிரி நடுங்கியது. வியர்வை கண்ணுக்குள் போய், துடைக்க முடியாமல் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

"நீ படி ஏறி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தாங்காது. போகாதே."

படியடியில் நின்று வெளியே கத்தினேன். தெருவே சனிக்கிழமை ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வீட்டு நாயோ மட்டும் பதில் சொன்னது. ராக் கிரீச்சென்றது. ஆர்விட்டின் பின்னந்தலை எண்ணெய்த் தொட்டியில் இடித்தது. இப்போது இடைவெளி ஒரு சாண்கூட இல்லை.

"உன் பக்கத்துக் கொக்கியை அமுக்கு" என்றேன்.

"ரெண்டு வருஷம் ரோசலி. அவன் ரெண்டு வருஷம் அதோட உக்காந்தான். அவன் வந்துடுவான். சாப்பாடு முடிஞ்சிருக்கும். இப்போ வந்துடுவான்."

நான் இரண்டு கொக்கியையும் ஒண்டியாக அமுக்க வேண்டுமென்றால் டிரைவுக்கு நேர்முன்னால் நிற்க வேண்டும். அது என் மடியில்தான் விழும். இவன் ஒரு கையை எடுத்தே ஆக வேண்டும். அவன் எடுக்க மாட்டேன் என்கிறான்.  பயந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"சரி, செத்துப் போ. நான் அழுவேன். அழுது முடிச்சிட்டு, அடக்கத்துக்கு வர்றவங்க காபி குடிக்கிறப்போ, ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் சொல்லுவேன். ஆர்விட் காங்கஸ் எப்படிச் செத்தான் தெரியுமா, ஒரு கொக்கியை அமுக்க மாட்டேன்னு செத்தான். பொண்டாட்டி முடி வெட்டிட்டு வந்து பாத்தா, இவன் இன்னொருத்தன் டிரைவைக் கட்டிப் புடிச்சிட்டுக் கிடந்தான். க்ளோடெட்டைப் பாத்து ஜனங்க எப்படி உச்சுக் கொட்டுவாங்க தெரியுமா?"

"நீ சொல்லமாட்டே."

"என்னை எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?"

ரேடியோவில் யாரோ கை தட்டினார்கள். ஆர்விட் கண்ணை இறுக்கி மூடித் திறந்தான்.

"வலது பக்கம் வா. முன்னாடி நிக்காதே. பக்கவாட்டுல நில்லு. காலைத் தள்ளி வை. இன்னும் தள்ளி. தண்டவாளத்துல ஒரு தகடு நீட்டிட்டு இருக்கும், விரலுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"நான் கையை எடுத்ததும் இது என்மேல வரும். அதுக்குள்ள அமுக்கணும். தயங்கினா..."

"தயங்கமாட்டேன்."

தயங்கிவிடுவேனோ என்று எனக்கே தெரியவில்லை. அவன் இடது கையை எடுத்தான். ராக் மொத்தமும் பெருமூச்சு விட்ட மாதிரி அவன்மேல் இறங்கியது. நான் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. தகடு என் விரலுக்கடியில் வழுக்கியது. "அமுக்கு!" என்று கத்தினான். கட்டைவிரலைக் கொடுத்து, என் உடம்பு பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினேன்.

டிரைவ் முன்னால் வழுக்கிக்கொண்டு போய், மூக்குக் குப்புறத் தரையில் இறங்கியது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே ஏதோ சில்லுச் சில்லாக உடைந்து சிதறுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ராக் பின்னால் போய்ச் சுவரில் மோதியது, அந்த நொடியில் ஆர்விட் பாதத்தை உருவிக்கொண்டான். அப்புறம் திரும்ப முன்னால் வந்தது. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. நடுவில் வந்து யோசிக்கிற மாதிரி நின்று, பின்னால் போய், தன் நான்கு மூலையிலும் உட்கார்ந்தது.

ஆர்விட் எண்ணெய்த் தொட்டியில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். பூட்ஸ் தட்டையாக இருந்தது. அதற்குள் இருந்ததைப் பற்றி நான் யோசிக்காமல் மேலே ஓடிப் போய் போன் பண்ணினேன். எண்ணைச் சுற்றத் தெரியாமல் இரண்டு தடவை தப்பான நம்பர் போட்டேன். டெலிபோன் போர்டில் இருந்தவள்!

க்ளோடெட் புது முடியோடு வந்து இறங்கினபோது ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "முடி நல்லாருக்கு" என்றான் ஆர்விட். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அவர்கள் போன பிறகு நான் வீட்டைப் பூட்டலாமென்று அங்கேயே இருந்தேன். பூட்டுவதற்கு முன்னால் நிலவறைத் தண்ணீரைத் துடைத்தேன். துடைத்தேன், உட்கார்ந்தேன், திரும்பத் துடைத்தேன். தெரு விளக்கு போட்ட பிறகு நார்மின் லாரி வந்தது. கையில் டோனட் பை.

"லேட்டாயிடுச்சு. ஆக்டன்ல ஒருத்தன் கராஜ்ல பழைய கம்ப்யூட்டர் டெர்மினல் ஒண்ணு வச்சிருக்கான்னு கேள்விப்பட்டுப் போனேன். ஆர்விட் கோவமா இருக்கானா?"

சொன்னேன். டிரைவ் கிடந்த கிடப்பைப் பார்த்து ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் அதைத் தாண்டிப் போய், எண்ணெய்த் தொட்டிக்கும் ராக்குக்கும் நடுவில் நின்றான். அவன் ஒல்லியான ஆள். அப்படியும் பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது.  அப்புறம் துணி மெஷினுக்கு அடியில் மண்டியிட்டு முன்காலை உருவினான். மெஷின் ஒரு பக்கம் சரிந்தது. மூன்று திருகையும் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டினான், அதற்குள் விளக்கைப் பிடித்த என் கை மரத்துப்போயிற்று.

"நான்தான் கழட்டினேன்" என்றான் முடித்துவிட்டு. என்னிடமா, ராக்கிடமா என்று தெரியவில்லை.

மே மாசம் ஆர்விட் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். இரண்டு கால்விரல் போய்விட்டது. மற்றபடி பழைய ஆர்விட்தான். க்ளோடெட் நிசு என்கிற ஏலக்காய் போட்ட ரொட்டி சுட்டு, எங்களைக் காபிக்குக் கூப்பிட்டாள். நானும் நார்மும் போயிருந்தோம். ஆர்விட் என்னைப் பார்த்து ரொட்டித் துண்டை ஆட்டினான்.

"உயிரைக் காப்பாத்தினே, இல்லேங்கல. ஆனா ஒண்ணு சொல்லணும் ரோசலி. நீ பயந்துட்டே. பொம்பளை பயந்தா அவசரப்படுவா. இன்னும் கொஞ்சம் புடிச்சிருந்தா போதும். சாப்பாடு முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னான், வந்திருப்பான். ரெண்டு பேருமா நிமித்தியிருப்போம். டிரைவும் தப்பிச்சிருக்கும். என்னடா, நார்ம்?"

நார்ம் இருட்டின பிறகுதான் வந்தான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு எப்படித் தெரியும்? நான் நார்மைப் பார்த்தேன். அவன் காபியைப் பார்த்தான்.

"ஆமாண்டா" என்றான். "வந்திருப்பேன்."

"பாத்தியா!" என்றான் ஆர்விட், எனக்கு வெண்ணெயைத் தள்ளி வைத்துக்கொண்டே.

நார்ம் கோப்பையை எடுக்கப் போனான். பாதி தூக்கி, சாஸரிலேயே திரும்ப வைத்துவிட்டான். வைத்த பிறகும் கோப்பை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோனான்.

"குளிருதா நார்ம்?" என்று கேட்டாள் க்ளோடெட். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, வெளியே கண்ணைக் கூசுகிற வெயில்.

"கொஞ்சம்" என்றான்.